எண்ணிக் கொடுத்த விதைகளைத் திரும்ப எண்ணி வாங்குங்கள்

கடலூரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருக்கும் எனக்குப் பள்ளி திறந்த செய்தியை நாட்காட்டி சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளின் மூக்கிலிருந்து எடுக்கும் பொருள்களே சொல்லிவிடும். கோடை விடுமுறையில் வேர்க்கடலையும் பாசிமணியும் வரும். ஜூன் பிறந்து, ஒன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு ஆளுக்கு ஐம்பது விதை கொண்டுவரும்படி சொல்லியனுப்பியதும் புளியங்கொட்டையும் மஞ்சாடியும் வரத் தொடங்கும். மூக்கில் மாட்டியதைப் பெரும்பாலும் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடலாம். சென்ற வாரம் வந்த பையனுக்கு விதை மூக்கில் இல்லை, மூச்சுக்குழாய்க்குள் இருந்தது. இந்தப் பருவத்தில் இப்படி வந்த இரண்டாவது பிள்ளை அவன் என்பதால்தான் பொறுமையிழந்து இதை எழுதுகிறேன்.

ஆறு வயதுப் பையன். மூன்று வாரமாக இருமல். வேறோர் இடத்தில் 'வீசிங்' என்று சொல்லி நெபுலைசர் வைத்திருக்கிறார்கள், இரண்டு முறை மருந்தை மாற்றியிருக்கிறார்கள், எக்ஸ்-ரே எடுத்து அதில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது வலப்பக்கத்தில் மூச்சு ஓடும் ஓசை இடப்பக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. பள்ளியில் இப்போது என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டேன். தாய்க்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை என்றாலும், கைப்பையிலிருந்து நகைக்கடையில் கொடுக்கும் சின்ன ஜிப் பர்ஸ் ஒன்றை எடுத்து, அதிலிருந்த புளியங்கொட்டைகளை என் மேசைமேல் கொட்டினார். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினார். நான்கு குவியல் சரியாக வந்தது; ஐந்தாவதில் ஒன்பதுதான் இருந்தது. "அம்பது எண்ணித்தான் சார் போட்டு அனுப்பினேன்" என்றவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது: ஒரு நாள் மாலை வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவன் திடீரென்று முகம் சிவக்க இருமினான், முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்ததும் சரியாகிவிட்டான். அன்றிரவே புதுச்சேரிக்கு அனுப்பினோம். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழல் விட்டுப் பார்க்கும் ப்ராங்கோஸ்கோப்பி செய்து, வலது மூச்சுக் கிளைக்குழாயிலிருந்து ஐம்பதாவது விதையை எடுத்தார்கள்.

'சரியாகிவிட்டான்' என்ற இந்த ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் எனக்கு மிகுந்த எரிச்சலைத் தருவதும் மிகுந்த கேட்டைச் செய்வதும் இந்த நம்பிக்கைதான். பிள்ளை எதையோ வாயில் போட்டான், இருமினான், இருமல் அடங்கியது. ஆகவே அது வயிற்றுக்குப் போய்விட்டது, இரண்டு வாழைப்பழம் கொடுத்தால் மறுநாள் மலத்தோடு வந்துவிடும் என்று முடிவு கட்டுகிறார்கள். வயிற்றுக்குப் போகிற பொருளுக்கு அவ்வளவு கடுமையான இருமல் வர வேண்டிய தேவையே இல்லை. இருமல் என்பது காற்றுப் போகும் வழிக்குள் அந்நியப் பொருள் நுழைந்ததற்கு உடல் காட்டும் எதிர்ப்பு. விதை கிளைக்குழாய்க்குள் இறங்கி ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால், அந்த இடம் சில நிமிடங்களில் அதற்குப் பழகிப்போய் எதிர்ப்பைக் கைவிட்டுவிடுகிறது. இருமல் நிற்கிறது, பிள்ளை விளையாடப் போகிறது, வீட்டில் உள்ளவர்கள் நிம்மதியடைகிறார்கள். உள்ளே விதை ஈரத்தில் ஊறிப் பருக்கிறது, சுற்றிலும் சளி கட்டுகிறது, சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சலும் இழுப்பும் தொடங்குகின்றன. அதற்குள் அந்த மாலை நேர இருமலை எல்லாரும் மறந்துவிட்டிருப்பார்கள். எக்ஸ்-ரேயில் நாணயம் தெரியும், ஆணி தெரியும், புளியங்கொட்டை தெரியாது. ஆகவே எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்றால் மூச்சுக்குழாயிலும் ஒன்றுமில்லை என்று பொருளாகாது. இதைப் பெற்றோருக்குச் சொல்வதைவிட, எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கே அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது என்பதையும் வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

ஆசிரியர்களைக் குற்றம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தமக்கை தொடக்கப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்குச் சொல்லித் தருபவர். 2022இல் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியதிலிருந்து முதல் மூன்று வகுப்புகளில் கரும்பலகையைவிடக் கையில் எடுத்துச் செய்யும் பொருள்களுக்கே முதலிடம் என்பதையும், பள்ளிக்கு வரும் கணக்குப் பெட்டியிலுள்ள பொருள் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதாதபோது ஆசிரியர்கள் தம் கைக்காசைப் போட்டுத் திரட்டுவதையும் அவர் வழியாகவே அறிவேன். விதைகளுக்குக் காசில்லை, எங்கும் கிடைக்கும், அதனால் கேட்கிறார்கள். ஆனால் பத்துகளையும் ஒன்றுகளையும் கற்பிக்க விதை அத்தனை நல்ல பொருளே அல்ல என்பது தமக்கையின் கட்சி. பத்துக் குச்சிகளைச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டால் 'ஒரு பத்து' என்பது கண்ணுக்கும் கைக்கும் ஒரே பொருளாகிவிடுகிறது. கழித்தலில் கடன் வாங்க வேண்டி வந்தால் கட்டை அவிழ்த்தால் போதும். பத்து விதைகளைக் கட்ட முடியாது. குவித்தால் உருண்டு கலைந்துவிடும். ஐஸ்கிரீம் குச்சிகள் போதும் என்கிறார் அவர். மருத்துவனாக நானும் அதையே சொல்கிறேன், காரணம்தான் வேறு. தென்னை ஈர்க்கைப் பயன்படுத்துவோர் மட்டும், கூர்நுனி கண்ணில் குத்தும் என்பதால், இரு முனைகளையும் மழுங்க வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று உண்டு. அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் மூச்சை அடைக்கக்கூடியதாகக் கொள்ளப்படும். ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம் என்று வைத்துக்கொண்டு, அந்த அளவு உள்விட்டமுள்ள ஒரு குழாய்த் துண்டை வெட்டி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் மூடி பாதுகாப்பானது என்று நினைத்து அதைச் சேர்க்கும் பள்ளிகள் பல. அதைக் குழாய்க்குள் போட்டுப் பாருங்கள், தாராளமாக உள்ளே போகும். நம் மாணவர்களுக்குத்தான் ஐந்து வயது ஆகிவிட்டதே என்று கேட்பீர்கள். ஆகிவிட்டது, ஆனால் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பும் விதைகள் அங்கே தவழ்ந்துகொண்டிருக்கும் தங்கைக்கும் தம்பிக்கும் எட்டும் இடத்தில்தான் கொட்டப்படுகின்றன.

'இயற்கைப் பொருள்தானே' என்று எதையும் பொறுக்கிவரச் சொல்வது இன்னொரு தொல்லை. குன்றிமணி பார்க்க அழகு. பொன்னை எடைபோடத் தட்டான் பயன்படுத்திய விதை என்று எடைப் பாடத்துக்கும் எடுத்து வைக்கிறார்கள். அதன் கெட்டியான தோல் உடையாதவரை, விழுங்கினாலும் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, மணிச்சரம் செய்வதற்காக ஊசியால் துளையிட்டிருந்தாலோ, உள்ளிருக்கும் நஞ்சு உயிரைப் பறிக்க வல்லது. மஞ்சள் அரளிக்கொட்டை இதயத் துடிப்பையே நிறுத்தும். வேலியோரத்துக் காட்டாமணக்கு விதையைப் பருப்பென்று நினைத்து ஒரு பிள்ளை தின்னக் கண்டு மற்றவையும் தின்பதால், வாந்தியெடுத்தபடி ஐந்தாறு பிள்ளைகள் ஒரே ஆட்டோவில் வருவார்கள். ஆமணக்கும் வேண்டவே வேண்டாம். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு சொல்: ஓட்டோடு கூடிய பச்சை முந்திரிக்கொட்டையை எண்ணக் கொடுக்காதீர்கள், ஓட்டிலுள்ள பால் பட்டு உதடும் விரலும் வெந்துபோய் வந்த பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன்.

கடையில் வாங்கும் பொருள்களில் இரண்டே இரண்டுக்கு அஞ்சுங்கள். எண்களைச் சொல்லும் பொம்மை, சின்னக் கால்குலேட்டர் ஆகியவற்றில் உள்ள பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே அங்கே புண்ணை உண்டாக்கத் தொடங்கிவிடும், மூக்கிலும் அப்படியே. மூடியைத் திருகாணியால் முடுக்க முடியாத பொம்மை வகுப்பறைக்குள் வரக் கூடாது. பலகையில் ஒட்டும் காந்த எண்களிலிருந்து காந்தம் கழன்று, ஒரு பிள்ளை இரண்டை விழுங்கினால், அவை குடலின் இரு மடிப்புகளை இறுக்கிப் பிடித்து ஓட்டை போட்டுவிடும்.

பல்லாங்குழி ஆடித்தானே நாங்கள் வளர்ந்தோம் என்று கேட்பவர்கள், அந்தக் குழிகளின் மறுபக்கம் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு சோழியையும் எண்ணி டப்பாவில் போட்ட ஒரு பாட்டி உட்கார்ந்திருந்ததை மறந்துவிடுகிறார்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்தப் பாட்டியின் வேலையை யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டும்.

ஆகவே, விதைதான் வேண்டும் என்றால் அது பள்ளியிலேயே இருக்கட்டும். தயவு செய்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மூடியுள்ள டப்பாவின்மேல் எண்ணிக்கையை எழுதி ஒட்டுங்கள். பாடம் தொடங்கும்போது எண்ணிக் கொடுங்கள், முடியும்போது பிள்ளைகளையே எண்ணித் திருப்பித் தரச் சொல்லுங்கள். அதுவும் கணக்குப் பாடம்தானே. எண்ணிக்கை குறைந்தால் மணி அடித்துவிட்டது என்று விட்டுவிடாமல், கீழே தேடுங்கள், சட்டைப் பையில் தேடுங்கள், யாராவது இருமினார்களா என்று கேளுங்கள். கையில் விதையோடு ஓடவும், வாயில் விதையோடு பேசவும் யாரையும் விடாதீர்கள். வீட்டுப்பாடத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்று போய்விட்டால்: பிள்ளை நன்றாக இருமிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தால் இரும விடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளேதான் தள்ளுவீர்கள். பேச்சும் இருமலும் வராமல் முகம் நீலம் பாய்ந்தால், முன்புறமாகக் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள்; வரவில்லையென்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே கைகளைக் கோத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள்; மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். காதில் விதை போயிருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊறிப் பருக்கும்; எண்ணெயும் ஊற்றாதீர்கள். ஒரே மூக்குத் துளையிலிருந்து மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் சளி மருந்து வாங்காதீர்கள், நேரே வாருங்கள். வரும்போது அதே டப்பாவிலிருந்து இன்னொரு விதையைத் தாளில் மடித்து எடுத்து வாருங்கள். எந்த இடுக்கியை எடுப்பது என்பதை அதன் வடிவத்தையும் வழுவழுப்பையும் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.