பிரவுசிங் சென்டர்: ஒரு மேய்ச்சல் சொல்லின் கதை

எங்கள் எதிர்வீட்டு அத்தைக்கு அது கடைசிவரை ‘பவுசிங் சென்டர்’தான். மகன் குவைத்தில் இருந்தான். அங்கே விடுமுறையான வெள்ளிக்கிழமைதோறும் அத்தை என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு மாடிப்படி ஏறுவார். 2001 ஆம் ஆண்டு. ஒரு மணி நேரத்துக்கு நாற்பது ரூபாய். பவுசுக்காரர்கள் வந்துபோகிற இடம், அதனால்தான் அந்தப் பெயர் என்று அவர் நம்பியிருந்தார். பட்டுப்புடவை உடுத்தாமல் ஒருநாளும் வந்ததில்லை. அந்தக் காலத்து நாற்பது ரூபாயை நினைத்தால் அவருடைய சொல்லாராய்ச்சியை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது.

பிரவுசிங் சென்டர் என்றால் காசு கொடுத்து மணிக்கணக்கில் இணையம் பார்க்கும் கடை. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதைச் சைபர் கஃபே, இன்டர்நெட் கஃபே என்றார்கள். தமிழ்நாட்டில் வேர் பிடித்ததோ பிரவுசிங் சென்டர். ஏன் என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. கஃபே என்றால் இங்கே காபியும் நெய்த்தோசையும் நினைவுக்கு வரும். சைபர் என்றால் பூஜ்யம். கணக்குத் தேர்வில் வாங்கக்கூடாதது. இந்தப் பூஜ்யச் சைபர் அரபியின் ‘சிஃப்ர்’ வழி வந்தது. கணினியோடு ஒட்டிக்கொண்ட சைபரோ கிரேக்கத்தில் மீகாமனை, அதாவது கப்பல் ஓட்டுகிறவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்தது. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகின்றன. பூஜ்யம் என்று பெயர்ப்பலகை மாட்டிக் கடை திறக்க யார் துணிவார்? டியூஷன் சென்டரும் ஜெராக்ஸ் சென்டரும் ஏற்கெனவே தெருவில் இருந்தன. பிரவுசிங்கும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது.

இனி வேருக்கு வருவோம். பிரவுஸ் என்ற ஆங்கில வினை பழைய பிரெஞ்சில் இளந்தளிரைக் குறித்த ‘ப்ரோஸ்ட்’ என்ற சொல்லோடு உறவுடையது. ஆடும் மானும் செடிகொடிகளின் தளிரைக் கடித்துத் தின்பதே அதன் முதற்பொருள். விலங்கியலார் இன்றும் இந்த வேறுபாட்டைக் காக்கிறார்கள்: தரையில் புல் மேய்வது ஒரு வினை, கிளையில் தழை கடிப்பது வேறு வினை. மாட்டுக்குப் புல்லும் ஆட்டுக்குத் தழையும் போட்டு வளர்த்த நமக்கு இது புதிதல்ல. ஆடு ஓரிடத்தில் நிற்காது. இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய், அடுத்த நொடி வேலிக்கு அந்தப்பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்தச் சொல்லை நூலகத்துக்குள் கொண்டுபோய், புத்தகங்களை ஆங்காங்கே புரட்டிப் பார்ப்பதற்கு வைத்தார்கள். பிறகு அது கணினிக்குள் நுழைந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990 இல் முதல் வலை உலாவியை எழுதினார். 1993 இல் மொசைக், 1994 இல் நெட்ஸ்கேப். அப்போது பிரவுசர் என்பது வீட்டுச் சொல்லாகிவிட்டது.

தழையிலிருந்து தாளுக்கு ஆங்கிலம் தாவிய அதே தாவலைத் தமிழும் தானாகவே தாவியிருக்கிறது. ஒரு நூலை ஆழ்ந்து படிக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்ப்பதை நாம் என்ன சொல்கிறோம்? நுனிப்புல் மேய்தல். பிரெஞ்சுக்காரர் தளிரைப் பார்த்த இடத்தில் நாம் புல்லின் நுனியைப் பார்த்திருக்கிறோம், அவ்வளவே வேறுபாடு. மொழிபெயர்ப்பாளர் தலையைச் சொறிய வேண்டியதே இல்லை. மேய்தல் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். தமிழில் இணையத்தைப் பற்றி எழுதத் தொடங்கிய சிலர் ‘வலைமேய்தல்’ என்று எழுதியும் பார்த்தார்கள்.

அது நிலைக்கவில்லை. காரணம் இலக்கணத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் ‘மாடு மேய்க்கத்தான் நீ தகுதி’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, ‘மேயப் போகிறேன் அப்பா, இருபது ரூபாய் கொடுங்கள்’ என்று கேட்க முடியுமா? ஊர் மேய்தல் என்ற வழக்கோ இன்னும் மோசம். அதன் பொருளை விளக்காமல் விடுவதே மரியாதை. ஆங்கிலத்தில் பிரவுஸ் அடங்கி ஒடுங்கி நூலகத்துக்குப் போய்விட்டது. தமிழ் மேய்தல் இன்னும் வயிறும் வாலுமாக உயிரோடு திரிகிறது. அதுதான் சிக்கல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்றைய கடைகளில் நாங்கள் செய்தது மேய்ச்சலே அல்ல, அசைபோடல். ஒரே தொலைபேசி இணைப்பை எட்டு சிஸ்டங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். (கணினியைக் கடையில் யாரும் கணினி என்று சொன்னதில்லை, ‘நாலாவது சிஸ்டம் காலி’ என்பார் கடை அண்ணன்.) படம் மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாக இறங்கும். நடிகையின் நெற்றி வந்து, புருவம் வந்து, கண் வருவதற்குள் அரைமணி நேரக் கணக்கு முடிந்துவிடும். பிளஸ் டூ முடிவு வரும் நாளில் படிக்கட்டு வரை வரிசை நிற்கும். பதிவெண்ணை அடித்துவிட்டு எல்லாரும் வெள்ளைத் திரையை வெறித்துக்கொண்டிருப்போம். முடிவைத் தாளில் அச்சிட்டுக் கொடுக்க ஐந்து ரூபாய். தேறாதவனிடம் அண்ணன் அதை வாங்கமாட்டார்.

மேய்தல் விட்ட இடத்தைப் பிடித்தது உலாவுதல். பிரவுசருக்கு உலாவி என்ற சொல் இன்று ஐயமின்றி நிலைபெற்றுவிட்டது. காற்றாட நடப்பது உலாவுதல். அதில் அவசரமும் இல்லை, இழிவும் இல்லை. உலா என்றதும் சிற்றிலக்கியம் நினைவுக்கு வராமல் போகாது. தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்து மகளிரும் மாடத்தில் நின்று அவனைப் பார்ப்பார்கள். அதாவது உலாப் போகிறவன் ஊர் பார்க்கப் போகிறவன் அல்லன், ஊரால் பார்க்கப்படுகிறவன். பிளைவுட் தடுப்புக்குள் திரையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்த எங்களுக்கு இந்தச் சொல் அன்று கொஞ்சமும் பொருந்தாது. இன்று நாம் எந்தச் செருப்பைப் பார்த்தோம் என்பதை நினைவில் வைத்து நாள் முழுக்க அதையே காட்டுகிற நிறுவனங்களைப் பார்க்கும்போது, சொல்லாக்கியவர் வருங்காலம் அறிந்தவரோ என்று தோன்றுகிறது.

இந்தச் சொற்கள் எங்களுக்கு ஏன் தாமதமாக வந்தன? இணையம் என்ற சொல்லை ஆக்கியவராகச் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியைச் சொல்வார்கள். 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. தமிழ்99 விசைப்பலகை சென்னையில் வந்தது. நல்ல சொற்கள் திரையில் பிறந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் எங்கள் கடையில் இருந்த விண்டோஸ் 98 க்குத் தமிழ் யுனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறை, தெரியாது. விண்டோஸ் 2000 தான் அதை முதலில் கொண்டுவந்தது. அதற்குமுன் ஒவ்வொரு தமிழ் இதழுக்கும் ஒவ்வோர் எழுத்துரு. அது கணினியில் இல்லாவிட்டால், தொப்பியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் திரை முழுக்கச் சிதறிக் கிடக்கும். உலாவி என்ற சொல்லைப் படிக்க முடியாத ஓர் உலாவியின் முன்னால்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கண்ணில் பட்டது கடைப்பலகை. வாயில் நின்றது பிரவுசிங். அது தொழிற்பெயரிலிருந்து இடப்பெயராகவும் மாறியது. ‘தம்பி எங்கே?’ ‘பிரவுசிங்குக்குப் போயிருக்கிறான்.’ நான்காம் வேற்றுமை உருபு ஏறிவிட்டால் சொல் குடியேறிவிட்டது என்று பொருள்.

சென்டரின் கதை சுருக்கமானது, ஆனால் எனக்குப் பிடித்தது. கிரேக்கத்தில் ‘கென்ட்ரோன்’ என்றால் கூர்முனை, மாட்டை ஓட்டும் தாற்றுக்கோல். வட்டம் வரையும் கவராயத்தின் ஊன்றிய முள்ளுக்கும் அதுவே பெயராகி, அதிலிருந்து வட்டத்தின் நடுப்புள்ளி என்ற பொருள் வந்தது. வானியல் வழியாக அதே சொல் சமஸ்கிருதத்துக்குள் போய்க் கேந்திரம் ஆனது. ஜாதகத்தில் குரு கேந்திரத்தில் இருப்பதும், தெருவில் ஜெராக்ஸ் சென்டர் இருப்பதும் ஒரே வேரில்தான். ஆக, பிரவுசிங் சென்டர் என்பதை வேர்ப்பொருளுக்கு விரித்தால் மேய்ச்சலும் தாற்றுக்கோலும் கிடைக்கின்றன. நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் பேனா முனையால் பிளைவுட்டில் தட்டுவாரே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

சட்டம் மட்டும் இந்தச் சொல்லை ஏற்கவில்லை. 2011 இல் வந்த மத்திய அரசு விதிகள் இவற்றைச் சைபர் கஃபே என்றே அழைத்தன. வருகிறவரின் அடையாளச் சான்றைப் பார்க்கவேண்டும், பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்கவேண்டும், தடுப்பு நான்கரை அடிக்கு மேல் உயரக்கூடாது என்றன. எங்கள் கடையின் தடுப்போ கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விதி வந்த காலத்தில் தடுப்புக்குள் உட்கார ஆளும் குறைந்துகொண்டிருந்தது.

தமிழ் நேர்ச்சொல் என்ன? ‘இணைய உலா மையம்’ என்று எழுதுகிறார்கள்; சுற்றுலா அலுவலகம் போல ஒலிக்கிறது. ‘இணைய மையம்’ தெளிவானது, பிழையில்லை. மையம் வடமொழியின் மத்தியத்திலிருந்து வந்தது என்று கருதுவோர் நடுவம் என்பார்கள்; ஆனால் இ-சேவை மையம் ஊர்தோறும் வந்தபின் மையத்தை யாரும் அசைக்க முடியாது. என் தேர்வு இணையகம். நூலகம், உணவகம், மருந்தகம், படிப்பகம் என்று அகம் சேர்த்து இடப்பெயர் ஆக்குவது நமக்குக் கைவந்த முறை. நாளிதழ் படிக்கப் படிப்பகத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் மின்னஞ்சல் பார்க்க இணையகத்துக்குப் போனார்கள் என்றால் கேட்கவும் இயல்பாக இருக்கிறது. அச்செடுக்கவும் விண்ணப்பம் அனுப்பவும் இன்றும் திறந்திருக்கும் கடைகளுக்கு அதையே எழுதலாம்.

ஒரே ஒரு விலக்கு. 2001 இல் நடக்கும் கதையை எழுதுகிறவர், பாத்திரத்தின் வாயில் இணையகத்தை வைக்கவேண்டாம். எதிர்வீட்டு அத்தை பட்டுப்புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, ‘வா, இணையகத்துக்குப் போய் வரலாம்’ என்று கூப்பிட்டிருந்தால், நான் அவருக்குக் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்திருப்பேன்.