விளம்பரத் தடுப்பான்

இணையப் பக்கத்தில் விளம்பரங்களை வரவிடாமல் நிறுத்தும் சிறு மென்பொருள். கோலாலம்பூரில் பேசும்போது ‘ஆட் பிளாக்கர்’ என்றே சொல்லிவிடுகிறோம்.

‘விளம்பு’ என்றால் சொல், அறிவி என்று பொருள். ‘தடு’ என்ற வினையோடு, அழிப்பானில் வருவதுபோல, கருவியைக் குறிக்கும் ‘ஆன்’ சேர்ந்தால் தடுப்பான். ‘தடுப்பி’ என்றாலும் சரிதான். ‘விளம்பரத் தடை’ மட்டும் வேண்டாம். அது அரசாங்கம் போடுவது. இங்கே தடுப்பவர் வாசகர், அதுவும் தம் திரையில் மட்டும்.

2002இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் சோரன்சன் ‘ஆட்பிளாக்’ என்ற நீட்சியை, அதாவது உலாவியோடு சேர்க்கும் சிறு நிரலை, எழுதினார். 2014இல் வந்த ‘யூபிளாக்’ அடுத்த ஆண்டு ‘யூபிளாக் ஆரிஜின்’ ஆனது. இன்றைய தடுப்பான்கள் பெரும்பாலும் விளம்பரத்தை வெறுமனே மறைப்பதில்லை. பக்கம் திறந்ததும் உலாவி எந்தெந்த முகவரிகளைக் கூப்பிடுகிறது என்று பார்த்து, பட்டியலில் உள்ள விளம்பர முகவரிகளுக்குப் போகும் அழைப்பையே வெட்டிவிடுகின்றன. ப்ரீபெய்ட் டேட்டாவும் மிச்சம். நம்மைப் பின்தொடரும் நிரல்கள் பலவும் உள்ளே வருவதில்லை.

விளம்பரம் பார்ப்பதுதான் செய்திக்கு நாம் தரும் விலை, தடுப்பது திருட்டு என்கிறார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். நாளிதழில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா துணிக்கடை விளம்பரத்தைப் பார்த்தோம். அது நம்மைத் திருப்பிப் பார்க்கவில்லை. இணைய விளம்பரம் பார்க்கிறது, குறித்து வைக்கிறது, விற்கிறது. போலி முதலீட்டு விளம்பரங்களை நம்பிச் சேமிப்பை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. தேடல் விளம்பரங்கள் வழியாக நடக்கும் மோசடிக்கு எதிராகத் தடுப்பானைப் பயன்படுத்தும்படி அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே 2022 டிசம்பரில் அறிவுறுத்தியது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமும் 2018இல் ‘ஆட்பிளாக் பிளஸ்’ என்ற தடுப்பான் சட்டத்துக்குப் புறம்பானதல்ல என்றது.

ஆனால் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019இல் நின்றுபோன ஊர் இது. தமிழ்ப்பள்ளிச் செய்திக்கு நேரில் போகும் நிருபருக்குச் சம்பளம் விளம்பரத்திலிருந்துதான் வருகிறது. நாம் தினமும் படிக்கும் மலேசியத் தமிழ்த் தளங்களுக்காவது வழிவிடுவது கடமை என்பேன். யூபிளாக்கில் அந்தப் பெரிய நீலப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சாம்பல் நிறமாகும். பக்கத்தை மீண்டும் திறந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் விளம்பரம் வரும். இப்படி விலக்களித்த தளங்களின் தொகுப்பை ‘அனுமதிப் பட்டியல்’ எனலாம். அப்புறமும் சத்தத்தோடு காணொளி தானாக ஓடினால், தடுப்பானை மறுபடி போட்டுவிட்டு, ஏன் போட்டீர்கள் என்று ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.