துணைமுடி: ஒரு சொல் விளக்கம்

இமயமலை பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘சப்சிடியரி பீக்’ என்பதற்குச் சிறு சிகரம், உபசிகரம், கிளைச்சிகரம், துணைச்சிகரம் என்று ஆளுக்கொரு சொல் எழுதுகிறார்கள். மற்றவை எப்படியோ போகட்டும், ‘சிறு சிகரம்’ பொருளையே கெடுத்துவிடுகிறது. ஏனென்றால் ஒரு சிகரம் துணையா, தனி மலையா என்பதை அதன் உயரம் தீர்மானிப்பதில்லை. அதைவிட உயர்ந்த உச்சிக்குப் போக நடுவில் எவ்வளவு இறங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல மஞ்சவாடி கணவாய் போதும். சேலத்திலிருந்து அரூர் போகும் வழியில் சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கிறது. ஒரு மலையிலிருந்து அடுத்ததற்குப் போகக் கணவாய் மட்டம் வரை இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும். அதனால் சித்தேரி தனி மலை. ஏற்காட்டில் நிலைமை வேறு. ஊரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் உள்ள உச்சியும் சுற்றியுள்ள மேடுகளும் அந்தப் பீடபூமியின் மேலேதான் எழுந்து நிற்கின்றன. காப்பித் தோட்டங்களின் ஊடே கொஞ்சம் இறங்கி ஏறினால் அடுத்த மேடு வந்துவிடும். கணவாய் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறினால் சித்தேரி தனித் தீவாகிவிடும். ஏற்காட்டு மேடுகள் எல்லாம் ஒரே தீவில்தான் இருக்கும்.

இப்படிப் பிரிக்கும் பள்ளத்துக்கு மேல் ஓர் உச்சி எவ்வளவு எழுகிறதோ, அதை அதன் ‘எழுச்சி’ எனலாம். எழுச்சி குறைவாக இருந்தால் அது துணை. எவ்வளவு குறைவு என்பதற்கு உலகம் முழுக்க ஒரே அளவு கிடையாது. பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பு 1994-இல் ஆல்ப்ஸ் மலையின் 4,000 மீட்டர் சிகரங்களைப் பட்டியலிட்டபோது 30 மீட்டரை ஓர் அளவுகோலாக வைத்தது. 82 சிகரங்கள் தேறின. இமயத்துக்கு அது மிகவும் குறைவு. அங்கே 500 மீட்டரை வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

காஞ்சன்ஜங்காவைப் பாருங்கள். பெயருக்கே பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள் என்று பொருள் சொல்வார்கள். தலைமைச் சிகரம் 8,586 மீட்டர். அதன் மேற்கே நிற்கும் யாலுங் காங் 8,505 மீட்டர். உலகின் ஐந்தாவது உயர்ந்த மலையான மகாலுவே 8,485 மீட்டர்தான்! ஆனாலும் மகாலு தனி மலை, யாலுங் காங் துணை. மகாலுவின் எழுச்சி 2,300 மீட்டருக்கும் மேல். யாலுங் காங்கின் எழுச்சி சுமார் 135 மீட்டர். மகாலுவையே விஞ்சி நிற்கும் ஒன்றைச் ‘சிறு சிகரம்’ என்று எழுத எப்படி மனம் வரும்?

சரி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். ‘சப்சிடியரி’க்கு வேர் லத்தீனின் ‘சப்சிடியம்’. ரோமானியப் போர்முனையில் பின்வரிசையில் காத்திருந்து, தேவைப்படும்போது கைகொடுக்கும் துணைப்படையை அப்படி அழைத்தார்கள். நாம் அன்றாடம் சொல்லும் ‘சப்சிடி’யும் அதே வேரில் வந்ததுதான். ஆக ‘துணை’ என்பது வேர்ப்பொருளுக்கே பொருந்துகிறது. அதில் சிறுமை இல்லை.

‘சிகரம்’ வடசொல்; சிகையோடு உறவுடையது. தமிழில் கோடு, குவடு, கொடுமுடி என்று பழைய சொற்கள் இருக்கின்றன. கோடு நம் பக்கத்துத் திருச்செங்கோட்டில் இன்னும் வாழ்கிறது. ஆனால் இன்றைக்குக் கோடு என்றால் வரைகிற கோடுதான் முதலில் நினைவுக்கு வரும். கரடு என்று சொல்லலாமா என்றால், சேலம் பக்கம் அது பாறையும் முள்ளுமாகத் தரையிலிருந்து எழும் குன்றைக் குறிக்கும். பனிச்சிகரத்துக்கு ஒட்டாது. ‘முடி’ அப்படியில்லை. ஆனைமுடி என்று மலைப்பெயராகவே எல்லோருக்கும் பழக்கம். அதனால் துணைமுடி என்பதே என் தேர்வு. துணைச்சிகரம் என்று எழுதினாலும் தவறில்லை.

இந்தச் சொல் கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. லோட்சே என்ற திபெத்தியப் பெயருக்குத் ‘தெற்குச் சிகரம்’ என்று பொருள். உயரம் 8,516 மீட்டர். எவரெஸ்ட்டுக்கும் அதற்கும் நடுவிலுள்ள தெற்குக் கணவாய் 7,906 மீட்டர். எழுச்சி 610 மீட்டர் வருவதால் அது தனி மலை, உலகில் நான்காவது. அப்புறம், எவரெஸ்ட்டின் மேலேயே 8,749 மீட்டரில் இன்னொரு ‘தெற்குச் சிகரம்’ இருக்கிறது. 1953 மே 26 அன்று சார்லஸ் எவான்ஸும் டாம் போர்டில்லனும் அதுவரை ஏறித் திரும்பினார்கள். மூன்று நாள் கழித்து டென்சிங்கும் ஹிலாரியும் அதைத் தாண்டி உச்சியைத் தொட்டார்கள். எவான்ஸ் ‘தெற்குச் சிகரத்தை எட்டினார்’ என்று மட்டும் எழுதினால், 1956-இல்தான் முதன்முதலாக ஏறப்பட்ட லோட்சேயை அவர் அப்போதே ஏறிவிட்டதாகப் படிப்பவர் நினைக்க இடமிருக்கிறது. ‘எவரெஸ்ட்டின் தெற்குத் துணைமுடி’ என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது.