ஏர்பிரஷ் ஏன் தண்ணீர் துப்புகிறது?

பழைய பாம்பன் தூக்குப் பாலத்தின் ஒரு பாதியை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டி முடிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. கெடுக்க நாற்பது நிமிடம் போதுமாக இருந்தது. மண்டபம் ஊரில் என் மாடியறையில் உட்கார்ந்து, காற்றால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி, அதனால் வெள்ளி நிறம் அடித்துக்கொண்டிருந்தேன். முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம், காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரிலிருந்து ஏர்பிரஷ்ஷுக்கு வரும் ஹோஸுக்குள் 'களக்' என்று ஒரு சத்தம். பாலத்தின் கர்டர் சட்டத்து நடுவில் மிளகளவு நீர்த்துளி ஒன்று தெறித்து, சுற்றியிருந்த பெயின்ட் வட்டமாக விலகி நின்றது. துடைக்கப் போனேன், இன்னும் மோசமானது.

விலை மலிவான ஏர்பிரஷ் என்பதால் அதன் மேல்தான் பழியைப் போட்டேன். உண்மையில் அது செய்த தவறு ஒன்றுமில்லை. கீழே கருவாட்டு லோடு ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார். "தம்பி, இந்தக் கம்ப்ரஸர்ல ஏர் டேங்க் எங்க? எங்க வண்டில தெனம் காலைல பிரேக்குக்கான ஏர் டேங்க்கைத் தொறந்து தண்ணிய எறக்கிட்டுத்தான் கெளம்புவோம். காத்தை அமுக்குனா தண்ணி வரத்தானே செய்யும்!"

அவர் சொன்னதற்குள்தான் மொத்த இயற்பியலும் இருக்கிறது. அதற்கு முன் ஏர்பிரஷ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

முன்பு வீடுகளில் மூட்டைப்பூச்சி மருந்தடிக்க ஒரு கைப்பம்ப் இருக்கும். பம்பைத் தள்ளினால், மருந்து டப்பாவுக்குள் இறங்கும் குழாயின் வாயைக் காற்று வேகமாக உரசிப் போகும். போகிற போக்கில் அங்கிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால் அந்த இடத்தில் அழுத்தம் குறையும். மருந்து தானாக மேலே ஏறி, காற்றில் சிதறிப் புகையாகும். ஏர்பிரஷ் அதே பம்பின் நுட்பமான வடிவம். பெயின்ட் வெளிவரும் முனையான நாசிலைச் சுற்றி மயிரிழை இடைவெளியில் காற்று பாய்கிறது. நாசில் முனையில் அழுத்தம் குறைந்து, மேலே கிண்ணத்தில் இருக்கும் பெயின்ட் உள்ளே இழுக்கப்படுகிறது. எவ்வளவு வர வேண்டும் என்பதை நாசிலை அடைத்துக்கொண்டிருக்கும் ஊசி தீர்மானிக்கிறது. ஊசி பின்னால் போகப் போக வழி அகலும்.

இவ்வளவு பாடு எதற்கு, தூரிகையால் தீட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். தூரிகையில் இழுத்த பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் இருந்தால், 87 மடங்கு பெருக்கிப் பாருங்கள். நிஜப் பாலத்தில் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் பெயின்ட் அப்பியதற்குச் சமம். ரிவெட் எல்லாம் மூழ்கிப் போகும். ஏர்பிரஷ் பூச்சு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

ஏர்பிரஷ்ஷைத் தேர்ந்தெடுப்பது சுலபம். டபுள் ஆக்‌ஷன் என்று போட்டிருக்க வேண்டும்; ட்ரிகரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். சிங்கிள் ஆக்‌ஷனில் அழுத்தினால் இரண்டும் சேர்ந்தே வரும், அளவை மாற்ற நிறுத்தித்தான் திருக வேண்டும். கிண்ணம் மேலே இருப்பதை வாங்குங்கள். பெயின்ட் தன் எடையாலேயே இறங்குவதால் குறைந்த அழுத்தம் போதும். நாசில் 0.3 மில்லிமீட்டர். 0.2 என்றால் கோடு மெல்லியதாக வரும்தான், ஆனால் வெள்ளி நிற பெயின்ட்டில் இருக்கும் உலோகத் துகள் அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். பேட்ஜர், இவாட்டா மாதிரி பெயர் பெற்றவை நிச்சயம் நன்றாக இருக்கும். ஆனால் பழகுகிற காலத்தில் ஊசி முனையை நாலு முறையாவது வளைக்கத்தான் போகிறோம். அதற்கு மலிவான சீனத் தயாரிப்பே போதும் என்பது என் கட்சி. ஒன்று மட்டும், அதன் நாசில் கொத்தமல்லி விதையைவிடச் சிறியது, மரை போட்டுத் திருகுவது. கொஞ்சம் இறுக்கினாலும் ஒடிந்துவிடும். வாங்கும்போதே மாற்று நாசில் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.

மிச்சப்படுத்திய காசை எல்லாம் கம்ப்ரஸரில் போடுங்கள். குறிப்பாக டேங்க்கில். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றால் அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். மண்டபம் கரையில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கொண்டல் எனும் கீழ்க்காற்று வீசும் நாளில் அது பெரிய விஷயமில்லை. அப்படியானால் அந்தக் காற்றில் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. முக்கியமான விஷயம், காற்றை அழுத்தினால் அது தாங்கும் நீராவி கூடுவதில்லை. இடம் எவ்வளவோ, வெப்பம் எவ்வளவோ, அதைப் பொறுத்துத்தான் அளவு. பத்துப் பேர் உட்கார்ந்த பஸ்ஸைப் பாதியாகச் சுருக்கினால் ஐந்து பேர் இறங்கத்தானே வேண்டும்?

என்னுடைய முதல் கம்ப்ரஸரில் டேங்க் இல்லை. 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று நேராக ஹோஸுக்குப் போனது. வெளிக்காற்றின் அழுத்தத்தையும் (சுமார் 14.7 பிஎஸ்ஐ) சேர்த்தால் அது வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு. 24 கிராமை 2.4 மடங்கு நெருக்கினால் ஒரு கன மீட்டரில் 57 கிராம் சேரும்; தாங்குவதோ 30. மிச்சம் தண்ணீராக இறங்கியாக வேண்டும். பிஸ்டனிலிருந்து சுடச்சுட வரும்போது இறங்காது, சூடான காற்று நிறைய தாங்கும். ஹோஸில் போய் ஆறும்போதுதான் இறங்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் மெஷினில் நாற்பது நிமிடத்தில் 9 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனையும் என் பாலத்தை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

இப்போது டேங்க் வைத்துப் பாருங்கள். 4 பார் வரை ஏறி நிற்கும் மெஷின் என்றால் (ஒரு பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்), உள்ளே வெளிக்காற்றைப் போல ஐந்து மடங்கு நெருக்கம். 24 கிராமில் 18 கிராம் டேங்க்கின் அடியிலேயே இறங்கிவிடும். மீதி 6 கிராமோடு காற்று ரெகுலேட்டரைத் தாண்டும். அங்கே அழுத்தம் 20 பிஎஸ்ஐக்குக் குறைந்து காற்று மறுபடி விரிவதால் ஹோஸுக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தொடாது. மாடியறையில் நான் மூச்சுவிடும் காற்றைவிட உலர்ந்த காற்று! கூடுதல் அழுத்தத்தில் சேமித்து, ஆறவிட்டு, குறைத்து எடுப்பதுதான் சூட்சுமம்.

பலரும் டேங்க்கைச் சேமிப்புத் தொட்டி என்று நினைக்கிறார்கள். 3 லிட்டர் டேங்க்கில் வேலைக்கு ஆகும் காற்று ஏழெட்டு லிட்டர்தான். ஏர்பிரஷ் ஒரு நிமிடத்துக்குள் குடித்துவிடும். கரண்ட் போனால் அது காப்பாற்றாது. தண்ணீரை வாங்கிக்கொள்வதும், பிஸ்டன் துடிப்பு கைக்கு வராமல் தடுப்பதும்தான் அதன் வேலை. ஓயாமல் ஓட்டினால் டேங்க்கும் சூடேறி, தண்ணீர் இறங்காமல் ஹோஸுக்குக் கடந்துவிடும். கால் மணிக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு ஒரு டீ குடியுங்கள். தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் வாட்டர் ட்ராப் ஒன்றைக் கம்ப்ரஸரை ஒட்டி வைப்பதோடு, ஏர்பிரஷ்ஷின் அடியிலும் சின்னதாக ஒன்று மாட்டுங்கள். காற்று ஆறி வந்து சேரும் இடம் அதுதான்.

பணம் இல்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை டேங்க்கோடு இணைத்துத் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். சத்தமே இல்லாத மெஷின். பக்கத்து வீட்டுக்காரர் தூங்கலாம். ஆனால் எண்ணெய்ப் புகை வரும், அதற்கு ஃபில்டர் வேண்டும். சேஃப்டி வால்வும் தானாக நிற்கும் சுவிட்ச்சும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். டேங்க் வெடித்தால் விளையாட்டில்லை. பஞ்சர் கடையில் கார் டயரை நிரப்பி வந்து அதிலிருந்து அடிப்பவர்களும் உண்டு. இரண்டு மூன்று நிமிடம் தாங்கும். பழகிப் பார்க்க அது போதும், பாலத்துக்கு ஆகாது.

பெயின்ட்டின் பதம் பால். டம்ளரைச் சாய்த்தால் ஓரத்தில் மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும், தயிராக ஒட்டக் கூடாது. தின்னர் வாடைக்குத் துணி முகமூடி போதாது, கரிம ஆவியைத் தடுக்கும் ஃபில்டர் வைத்த மாஸ்க் போடுங்கள்.

கடைசியில் உப்பு. உப்புக்காற்றில் பாம்பன் பாலத்துக்கே ஓயாமல் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது என்றால் நம் டேங்க் எம்மாத்திரம்? உள்ளே நிற்கும் தண்ணீர் இரும்பைத் தின்னும். வேலை முடிந்ததும் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும்போதே அடியில் உள்ள திருகைத் திறந்துவிடுகிறேன். சீறிக்கொண்டு வரும் தண்ணீரை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. நேற்று ஒரு மேஜைக்கரண்டி வந்தது, லேசான துருநிறத்தில். தூக்குப் பாலத்தின் அடுத்த பாதி மேஜையில் காய்ந்துகொண்டிருக்கிறது, இதுவரை ஒரு புள்ளி இல்லை.