ஓமம் ஏன் பாலில் தோற்கிறது?

ஓமவல்லிக்கு அந்தப் பெயரை வைத்தவருக்கு நல்ல மூக்கு. ஓமம், சீரகம் கொத்தமல்லி வகையறா. தொட்டியில் தடித்த இலையோடு நிற்கும் ஓமவல்லியோ துளசிக்கும் புதினாவுக்கும் பங்காளி. தாவரவியல்படி பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இருந்தும் இலையைக் கசக்கினால் ஓமம் மணக்கிறது. தைமால், கார்வக்ரால் என்ற இரண்டு மூலக்கூறுகள்தான் காரணம். இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். ஆறு மூலை கொண்ட வளையத்தில் ஆக்சிஜன் எந்த மூலையில் தொற்றிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம். பீட்சா மேல் தூவும் ஆரெகானோவின் மணத்திலும் இந்தக் கார்வக்ராலுக்குப் பெரும்பங்கு உண்டு.

சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்திகளைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் பெருகப் பெருக, உணவுத் தொழிற்சாலைகளின் பார்வை இந்த வாசனைகள் மேல் திரும்பியிருக்கிறது. (தைமாலும் ஒரு வேதிப்பொருள்தான். விதையிலிருந்து வந்ததால் அதற்கு மட்டும் தனிச் சலுகை ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.) பாக்டீரியாக்களை இவை கொல்கின்றன என்பதில் சந்தேகமில்லை. அப்படியானால் பாலில் நாலு சொட்டு ஓம எண்ணெய் விட்டு ஒரு மாதம் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

அதற்குப் பதில் சொல்ல இந்த மூலக்கூறுகளின் ஒரே ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: தண்ணீரோடு ஒட்டாது, எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும். தைமால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 1 கிராம்தான் கரையும். எண்ணெயிலும் சாராயத்திலும் தாராளமாகக் கரையும். இதைப் பிரித்தெடுக்க முடிவதும், இது கிருமியைக் கொல்வதும், கடைசியில் உணவுக்குள் போய்த் தோற்பதும் இந்த ஒரு குணத்தால்தான்.

முதலில் பிரித்தெடுப்பது. தைமாலின் கொதிநிலை 232 டிகிரி செல்சியஸ். தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படியிருக்க, அடுப்பில் ஓமம் கொதிக்கும்போது தெருமுனை வரை மணம் எப்படிப் போகிறது? ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களைச் சேர்த்துச் சூடேற்றினால், இரண்டும் தத்தம் ஆவியழுத்தத்தைத் தனித்தனியாகக் கொடுக்கும். இரண்டின் கூட்டுத்தொகை காற்றழுத்தத்தை எட்டியதும் கலவை கொதிக்கத் தொடங்கும். தண்ணீர் கிட்டத்தட்ட முழு அழுத்தத்தையும் தானே சுமந்துவிடுவதால், எண்ணெய் தன் பங்குக்குத் துளி கொடுத்தால் போதும். அதனால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே, நீராவியின் தோளில் ஏறிக்கொண்டு எண்ணெயும் வெளியே வந்துவிடுகிறது. அவ்வளவு சூட்டைக் காணாததால் கருகுவதும் இல்லை.

வாசனையாகப் போவதைக் குளிரவைத்துப் பிடித்தால் அதுதான் வாலை வடித்தல். சித்த மருத்துவத்தின் ஓமத் தீநீர் இப்படித்தான் இறங்குகிறது. ஆய்வகத்தில் இதே வேலையை 1928-இல் வந்த கிளெவெஞ்சர் கருவி செய்கிறது: ஆவி குளிர்ந்து ஓர் அளவுக் குழாயில் விழும், எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் திரும்பக் குடுவைக்கே போய்விடும். ஒரு கிலோ ஓமத்தில் இப்படிக் கிடைக்கும் எண்ணெய் 20 முதல் 40 கிராம் அளவுக்கு இருக்கும். அதில் பாதி வரை தைமால்.

அந்த எண்ணெயைக் குளிரவைத்தால் தைமால் படிகமாகப் பிரியும். நாட்டுமருந்துக் கடையில் ஓம உப்பு என்று கேட்டால் தருவது இந்தப் படிகத்தைத்தான். அதோடு புதினா உப்பையும் கற்பூரத்தையும் ஒரு குப்பியில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே மூன்று திடப்பொருள்களும் உருகித் திரவமாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வேடிக்கை அது. முதல் உலகப் போருக்கு முன்பு இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாகப் பிரிக்கப்பட்டது. 1914-இல் போர் வந்து அந்த வழியை அடைத்தது.

நீராவி மட்டும்தான் வழி என்றில்லை. 31 டிகிரிக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கும் கூடுதலாக அழுத்தினால், கார்பன் டை ஆக்சைடு வாயுவுமல்லாத திரவமுமல்லாத ஒரு நிலைக்குப் போகிறது. வாயுவைப்போல விதைக்குள் ஊடுருவி, திரவத்தைப்போல எண்ணெயைக் கரைத்து வரும். அழுத்தத்தைத் தளர்த்தினால் ஆவியாகிப் போய்விடும், கரைப்பானின் எச்சம் என்று எதுவும் தங்காது. கருவியின் விலைதான் கண்ணைக் கட்டும்.

எடுத்தாயிற்று. இது கிருமியை என்ன செய்கிறது? பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிட மெல்லியது. தண்ணீரில் தவித்துக்கொண்டிருக்கும் கார்வக்ரால் அதைக் கண்டால் விடுமா? உள்ளே நுழைந்து கொழுப்பு மூலக்கூறுகளின் வரிசையைக் குலைக்கிறது. பொட்டாசியம் வெளியே கசிகிறது. அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. அணையில் தண்ணீர் ஏறி நின்றால்தான் மின்சாரம். அதுபோல பாக்டீரியா தன் சவ்வுக்கு வெளியே புரோட்டான்களை (எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுக்களை) தேக்கி, அவை உள்ளே பாயும் வேகத்தில்தான் தன் சக்தியைத் தயாரிக்கிறது. கார்வக்ராலில் ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் எளிதில் கழன்றுகொள்ளும். அந்தப் புரோட்டானைச் சுமந்து சவ்வைக் கடந்து, உள்ளே இறக்கிவிட்டு வரும். அணையில் விழுந்த ஓட்டை மாதிரி. இந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை இல்லாத சைமீன் என்ற உறவுக்கார மூலக்கூறு சவ்வுக்குள் நுழைந்து உட்கார்ந்தாலும் கொல்லும் திறன் பெரிதாக இல்லை.

எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி மசிந்துவிடாது. லிஸ்டீரியா, ஸ்டாபிலோகாக்கஸ் போன்றவை சுலபத்தில் விழும். இ.கோலை போன்றவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு காவலுக்கு இருக்கிறது. மீனையும் இறைச்சியையும் ஐஸ் பெட்டியிலேயே கெடுக்கும் சூடோமோனாஸ்தான் எல்லாவற்றிலும் முரண்டு.

இனி பாலுக்கு வருவோம். கிருமியை வளர்த்துச் சோதிக்கும் ஆய்வகக் கிண்ணத்தில் கொழுப்பென்று இருப்பது கிருமியின் சவ்வு மட்டும்தான், எண்ணெய் வேறெங்கே போகும்? பாலில் கோடிக்கணக்கான கொழுப்புத் துளிகள் மிதக்கின்றன. தைமாலுக்கு எந்தக் கொழுப்பும் கொழுப்புதான், பாக்டீரியாவைத் தேடிப் போக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. புரதங்களும் தம் பங்குக்குப் பிடித்துவைத்துக்கொள்ளும். கிண்ணத்தில் கிடைத்த அதே பலன் கொழுப்பு குறைத்த பாலிலேயே கிடைக்க ஏறத்தாழ 2 மடங்கு எண்ணெய் வேண்டும். மென்மையான பாலாடைக்கட்டியில் 25 முதல் 100 மடங்கு வரை போகும் என்று ஆய்வுகள் கணக்குக் காட்டியிருக்கின்றன. அந்த அளவுக்கு ஓம எண்ணெய் விட்டதை யார் வாயில் வைப்பது? கிருமிக்கு முன்னால் நாக்கு ஓடிவிடும். ஆகவே "ஓமம் கிருமியைக் கொல்கிறது" என்று எங்காவது படித்தால், எதில் வைத்துக் கொன்றார்கள் என்று கேளுங்கள்.

மூலிகையை எண்ணெயில் ஊறப்போட்டால் கெடாது என்ற நம்பிக்கையும் இங்கேதான் ஆபத்தாகிறது. 1985-இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்டு வைத்திருந்த பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் பாட்டுலிசம் நச்சால் படுத்தார்கள். பூண்டின் கிருமி எதிர்ப்பைப் பற்றி நாம் பேசாத பேச்சா? காற்றுப் புகாத எண்ணெய்க்குள், மண்ணிலிருந்து வந்து உறங்கிக் கிடந்த பாக்டீரியா விதைத்துகள்கள் சாவகாசமாக முளைத்து நஞ்சைக் கக்கின. பூண்டின் காரம் எடுபடவில்லை. நம் ஊறுகாய்க்கு அந்த கதி வராமல் காப்பது புளிப்பும் உப்பும். புளிப்பு கூடினால் தைமாலும் நன்றாக வேலை செய்யும். முறுக்கில் உள்ள ஓமத்துக்கோ காக்கும் வேலையே இல்லை, ஈரம் இல்லாததால்தான் முறுக்கு நிற்கிறது.

ஆகவே, எண்ணெயை உணவுக்குள் கொட்டுவதை விட்டு வேறு வழி தேடுகிறார்கள். மிக நுண்ணிய துளிகளாக உடைத்துத் தண்ணீரில் பரவவிடுவது ஒன்று. வெட்டிய காய்களைக் கழுவும் தண்ணீரில் சேர்ப்பது இன்னொன்று; அங்கே ஒளிந்துகொள்ளக் கொழுப்பு கிடையாது. எனக்குப் பிடித்தது மூன்றாவது: ஆவியாகவே பயன்படுத்துவது. பூஞ்சை உணவின் மேற்பரப்பில்தானே வளர்கிறது, பொட்டலத்துக்குள் இருக்கும் காற்றில் கொஞ்சம் மணம் நின்றால் அதுவே அதைத் தடுக்கும். ஜப்பானில் மதிய உணவுப் பெட்டிக்குள் சோற்றின் மேல் ஒரு மெல்லிய தாளைப் போடுகிறார்கள். அதிலிருந்து மெதுவாகக் கசிவது வசாபியின் காரம். நம் ஊர்க் கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுவதும் அதே மூலக்கூறுதான்.