பேரை அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள்

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பெண்கள் படுத்திருக்கும் வார்டில் நின்று "மாதம்மா" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள், ரெண்டு மூணு கட்டிலிலிருந்து தலை திரும்பும். ஆண்கள் பக்கம் மாது, மாதன், மாதையன், மாதேஷ். தருமபுரியில் நர்ஸ் வேலை பார்க்கிற எங்களுக்கு இது பழகிய விஷயம். வெளி மாநிலத்திலிருந்து புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள்தான் திணறுவார்கள், சீட்டில் ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்து "மத்தம்மாள்" என்று கூப்பிடுவார்கள், அந்த அம்மாவோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பார், டோக்கன் தாண்டிப் போய்விடும்.

பேரைத் தப்பாகச் சொன்னால் மரியாதைக் குறைவு, அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் மருந்தே ஆள் மாறிப் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் நோயாளி பாதுகாப்புக்காகச் சொன்ன ஒன்பது வழிகளில் ஆளைச் சரியாக அடையாளம் காண்பதும் ஒன்று. குறைந்தது இரண்டு அடையாளம் பார்க்க வேண்டும், அறை எண் அதில் சேராது. வழக்கமாகப் பேரும் பிறந்த தேதியும் கேட்பார்கள். நம்ம ஊரில் பிறந்த தேதி எங்கே கைகொடுக்கிறது? வயதானவர்களில் நிறைய பேருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றுதான் இருக்கிறது. இனிஷியலும் ஒரு சீட்டில் அப்பா பேரில் இருக்கும், இன்னொன்றில் வீட்டுக்காரர் பேரில் இருக்கும். அதனால் நான் தேதியோடு நிற்காமல் அப்பா அல்லது வீட்டுக்காரர் பேரையும் ஊரையும் சேர்த்துக் கேட்டுவிடுவேன்.

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. "நீங்கதானே மாதம்மா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். காது மந்தமானவர், காய்ச்சலில் கிறங்கிக் கிடப்பவர், வெள்ளைக் கோட்டைக் கண்டாலே பயப்படுகிறவர், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்னங்கம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். ரத்தம் ஏற்றுவதற்கு மாதிரி எடுக்கும்போது இதில் துளியும் விட்டுக்கொடுக்க முடியாது, ஏனென்றால் ஒத்துவராத குரூப் ரத்தம் ஏறிவிடும் விபத்துகளில் பெரும்பாலானவை சோதனைக் கோளாறால் வருவதில்லை, ஆளோ, ரத்த மாதிரி எடுத்த குழாயோ மாறுவதால்தான் வருகின்றன. குழாயில் லேபிளையும் அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்கும்போதே ஒட்டிவிடுங்கள்.

அவரே சொன்னால் உச்சரிப்பும் கூடவே கிடைத்துவிடும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் அதிகம். 'சித்தம்மா' என்று எழுதியிருப்பதை நாம் 'சித்தி'யில் வருகிற மாதிரி அழுத்திப் படிக்கிறோம், அவர்கள் வீட்டிலோ அந்த எழுத்து 'சந்தை'யில் வருகிற மாதிரி மெத்தென்று ஒலிக்கும். ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்களில் சந்தோஷ் என்று இருப்பவரின் பேரில் இதற்கு நேர்மாறாக 'த' அழுத்தமாக வரும். கௌஸ் என்ற பேரை ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு 'கோஸ்' என்று கூப்பிட, வரிசையே சிரித்தால் அந்தப் பையன் எப்படி எழுந்து வருவான்? ஒருமுறை கேட்டு, சீட்டு ஓரத்தில் காதில் விழுந்தபடி தமிழில் எழுதி வைத்தால் அடுத்த ஷிப்டுக்கும் உதவும். கேட்டது புரியவில்லையென்றால் இன்னொருமுறை கேளுங்கள், அதில் கூச்சமென்ன.

நோயாளிகளுக்கும் கூட இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பேரைத் தப்பாகச் சொன்னால் "சிஸ்டர், அப்படி இல்லீங்க" என்று உடனே திருத்துங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். யாரும் பேர் கேட்காமல் ஊசியோடு வந்தால், கையை நீட்டும் முன் நீங்களே பேரையும் ஊரையும் சொல்லி, யாருக்கு எழுதிய ஊசி என்று கேளுங்கள்.