குடிநோயாளிக்குச் சட்டம் தரும் உரிமைகள்

குடியை விட முடியாதவரை ஊர் என்ன பெயர் சொல்லி அழைத்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் நோயாளி. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய்க்கான வரையறையிலேயே மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் சேர்த்திருக்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவையில் சிகிச்சை பெற அவருக்கு உரிமை உண்டு.

"ஆஸ்பத்திரியில் பேர் பதிவானா நாளைக்கு வேலைக்கு, கல்யாணத்துக்கு இடைஞ்சல் வருமே" என்று குடும்பங்கள் தயங்குகின்றன. 23-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது: சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக் கூடாது.

அடுத்தது, மறுவாழ்வு மையம் என்ற பெயரில் நடக்கும் அடி உதை. இதைச் சகித்துக்கொள்ளவே கூடாது. சங்கிலியால் கட்டுவதை 95-வது பிரிவு அடியோடு தடை செய்கிறது. மையம் பதிவு பெற்றதா, மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். நீண்ட நாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வேர்க்கும். சிலருக்கு வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சி உடம்பில் ஊர்வதாகத் தட்டிவிடுவார்கள். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. அறையில் பூட்டி வைத்தால் சரியாகாது, மருந்து வேண்டும்.

கஞ்சா, ஹெராயின் பழக்கம் என்றால் போலீஸ் பயமும் சேர்ந்துகொள்ளும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைநோயாளி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். விற்பவருக்கு இது பொருந்தாது.

காப்பீட்டில்தான் இன்னும் பழைய பார்வை மிச்சமிருக்கிறது. மனநோய்க்கும் உடல்நோய் போலவே காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு சொன்னாலும், பல பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் குடி, போதை சிகிச்சை இருக்கிறது. இது மாற வேண்டும். அதுவரை, பணம் கட்டுமுன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. போதை மீட்புக்கென்றே தேசிய உதவி எண் 14446. குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டில் உள்ளவர்கள் முதலில் பேசலாம்.